தேடுவதிலிருந்து தொடங்குங்கள்

"எங்கள் சங்கத்தில் பழைய புகைப்படங்கள், கடிதங்கள், கேசட்டுகள் நிறைய இருக்கின்றன. ஆர்வமுள்ள பன்னிரண்டு பேர் இருக்கிறோம். டிஜிட்டலாக்கிப் பாதுகாக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். என்ன ஸ்கேனர், என்ன மென்பொருள், எத்தனை நாள் பயிற்சி?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் போகிற போக்கில் இன்னொன்றும் சொல்லியிருக்கிறீர்கள். முன்பு ஒருமுறை வெளியிலிருந்து ஒருவர் வந்து சில ஆல்பங்களை ஸ்கேன் செய்து ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் கொடுத்தார்; அவர் போன பிறகு அதை யாரும் தொடவில்லை; இப்போது அதில் எது எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. உங்கள் உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது. கருவியை வாங்கிவிடலாம், ஆளையும் வரவழைத்துவிடலாம். வேலை தெரிந்த கை உங்கள் குழுவுக்குள்ளேயே தங்குவதற்கு என்ன வழி? அதற்கே பதில் எழுதுகிறேன். ஆவணக் காப்பக வேலையிலும், பிறகு தன்னார்வக் குழுக்களுக்குச் சொல்லிக்கொடுப்பதிலும் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். காகிதம், புகைப்படம், ஒலி மூன்றும் நான் புழங்கியவை. திரைப்படச் சுருள் பற்றியும் பதிப்புரிமைச் சட்டம் பற்றியும் நான் சொல்வதை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில், அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்கை ஒதுக்கி வைக்காதீர்கள். பயிற்சிக்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது. முதல் நாள் ஸ்கேனரைத் திறக்கவே வேண்டாம். அதை அப்படியே வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுத்து, அந்த நகலைக் கணினியில் செருகி, "சங்கத்தின் முதல் ஆண்டு விழாப் படம் ஒன்றைக் கண்டுபிடியுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். நியூ ஃபோல்டர், நியூ ஃபோல்டர் 2, ஃபைனல், ஃபைனல் ஒரிஜினல் என்று வரிசையாக இருக்கும். உள்ளே ஐஎம்ஜி_4032, ஐஎம்ஜி_4033. ஒரே படம் மூன்று இடத்தில், மூன்று அளவில். அரை மணி நேரம் தேடிக் களைத்த பிறகு அவர்களே கேட்பார்கள்: இது யார் வீட்டு ஆல்பம்? எந்த ஆண்டு? இந்த மூன்றில் எது மூலம்? மேலுரைத் தரவு (மெட்டாடேட்டா) என்று எங்கள் துறையில் பெரிதாகப் பேசுகிறோமே, அது இந்தக் கேள்விகளுக்கான பதில்தான். விரிவுரை வைத்து இதைச் சொன்னால் தலையாட்டுவார்கள். தேடித் தோற்றவர்களுக்கு விரிவுரையே தேவைப்படாது.

வழக்கமான பயிற்சி இதற்கு நேர்மாறாக நடக்கும். முதல் நாள் ஸ்கேனிங், இரண்டாம் நாள் பெயரிடுதல், மூன்றாம் நாள் சேமிப்பு. மூன்றாம் நாளுக்குள் பாதிப் பேர் வரமாட்டார்கள். ஸ்கேன் செய்வது கண்ணுக்குத் தெரிகிற வேலை. எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும், உற்சாகமாக இருக்கும். அதற்குப் பின்னால் வருவதெல்லாம் அலுப்பு. ஆகவே நாள் வாரியாகப் பிரிக்காதீர்கள். இருபது பொருட்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரே அமர்வில் தொடக்கம் முதல் கடைசி வரை கொண்டுபோங்கள்: தூசி துடைப்பது, எண் போடுவது, ஸ்கேன், பட்டியலில் ஏற்றுவது, சரிபார்ப்பது, மூன்று இடத்தில் நகல், கடைசியில் அந்த நகலிலிருந்து ஒன்றைத் தேடி எடுப்பது. இருபதையும் முடித்துவிட்டு எழுந்தவருக்கு மொத்த வேலையும் தெரியும். இருநூறு படத்தை ஸ்கேன் மட்டும் செய்தவருக்கு ஒரு பொத்தான் தெரியும்.

பொருளைக் கையாள்வதில் சில விஷயங்களைச் செய்து காட்ட வேண்டும், சொன்னால் போதாது. ஒட்டும் பக்கங்களும் மேலே பிளாஸ்டிக் தாளும் உள்ள ஆல்பங்கள் உங்களிடம் இருக்கும். படம் பிடிவாதமாக ஒட்டியிருந்தால் பிய்க்கக் கூடாது. பிளாஸ்டிக் தாள் எளிதாக விலகினால் விலக்கி, பக்கத்தை அப்படியே படமெடுங்கள். பிய்க்கிற முயற்சியில் படத்தின் மேல்பூச்சு போய்விட்டால் அது போனதுதான். எந்தப் படம் எதற்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்தது என்பதே ஒரு தகவல் என்பதால், படங்கள் எளிதாக வந்தாலும் முழுப் பக்கத்தை முதலில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. புகைப்படத்துக்கு நைட்ரைல் கையுறை; காகிதத்துக்குக் கழுவி உலர்த்திய வெறுங்கையே மேல். பருத்திக் கையுறையில் விரல் நுனியின் உணர்வு மழுங்கிவிடும், நொய்ந்த தாள் ஓரம் அதில் மாட்டிக் கிழியும். படத்தின் பின்பக்கத்தையும் தவறாமல் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரை, பென்சில் எழுத்து, தேதி எல்லாம் அங்கேதான் இருக்கும்.

ஸ்கேனர் மென்பொருளில் தானாகக் கூர்மையாக்குவது, தூசி நீக்குவது, நிறம் மீட்பது எல்லாவற்றையும் அணைத்து வையுங்கள். சிறிய புகைப்படங்களுக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி), கடிதங்களுக்கு 300 முதல் 400 வரை போதும். மூலக் கோப்பு, தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) வடிவில் இருக்கட்டும். பகிர்வதற்கு அதிலிருந்து ஜேபெக். நான்குக்கு ஆறு அங்குல வண்ணப் படம் ஒன்று 600 டிபிஐயில் சுமார் 26 எம்பி வரும், ஆயிரம் படம் 26 ஜிபி. இன்றைய டிஸ்க்குகளுக்கு இது ஒன்றுமேயில்லை, எனவே இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று தரத்தைக் குறைக்க வேண்டியதில்லை. அவரவர் வீட்டிலுள்ள படங்களை வாட்ஸ்ஆப்பில் அனுப்பச் சொல்லிச் சேகரிக்கும் பழக்கம் பல குழுக்களில் இருக்கிறது. அது படத்தைச் சுருக்கிவிடும், எடுத்த தேதி உள்ளிட்ட உட்தகவலையும் உதிர்த்துவிடும். வேறு வழியே இல்லையென்றால் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

இனி, எல்லோரும் தடுக்கி விழும் இடம்: பெயரும் பட்டியலும். கோப்புப் பெயரிலேயே கதை எழுத வேண்டாம். ஆல்பம் எண், பக்க எண், பட எண், அவ்வளவுதான்: 03_012_02. மற்றதெல்லாம் பட்டியலில். எண்ணுக்கு முன்னால் சுழியம் ஏன் என்று கேட்பார்கள். அது இல்லாவிட்டால் பல மென்பொருட்களில் 2க்கு முன்னால் 10 வந்து நிற்கும் என்பதைத் திரையில் காட்டுங்கள். அடுத்து எக்செல் செய்கிற குறும்பு. ஒரு கட்டத்தில் 012 என்று தட்டினால் அது தன் போக்கில் 12 ஆக்கிவிடும். தேதி போலத் தெரிகிற எதையும் தனக்குப் பிடித்த வடிவத்துக்கு மாற்றிவிடும். தட்டத் தொடங்கும் முன்பே அந்தப் பத்திகளை (காலம், column) டெக்ஸ்ட் என்று மாற்றி வைக்க வேண்டும். பட்டியலைச் சிஎஸ்வியாக (பல மென்பொருட்களில் திறக்கும் எளிய எழுத்துக் கோப்பு), தமிழ் எழுத்துகளையும் தாங்கும் யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் சேமியுங்கள். நேரடியாக இருமுறை சொடுக்கித் திறந்தால் தமிழ் எழுத்துகள் குப்பையாகத் தெரியக்கூடும்; பதறாமல் டேட்டா பகுதி வழியாக இறக்குமதி செய்து யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். குப்பையாகத் தெரிகிற நிலையிலேயே சேவ் செய்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதன் பிறகு மீட்பது பெரும்பாடு. இதையெல்லாம் சில்லறை விஷயம் என்று நினைக்காதீர்கள். குழுக்களின் உழைப்பு வீணாவதை நான் அதிகம் பார்த்தது தீயிலோ வெள்ளத்திலோ இல்லை, இப்படிப்பட்ட இடங்களில்தான்.

பட்டியலில் எத்தனை பத்தி? பொருட்களை விவரிப்பதற்கான டப்ளின் கோர் என்ற பொது முறையில் 15 கூறுகள் உண்டு. பதினைந்தையும் முதல் நாளே நிரப்பச் சொன்னால் யாரும் நிரப்பமாட்டார்கள். அடையாள எண், தலைப்பு, தேதி, இடம், படத்தில் உள்ளவர்கள், பொருள் யாரிடமிருந்து வந்தது, பயன்படுத்த அனுமதி என்ன: இந்த ஏழு போதும். இவற்றோடு நான் எப்போதும் வற்புறுத்துவது, "இதைச் சொன்னவர் யார், எவ்வளவு உறுதி" என்ற பத்தி. 1962 என்று எழுதுவதற்கும், "1962ஆக இருக்கலாம், ஆல்பத்தின் உரிமையாளர் சொன்னது" என்று எழுதுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முதல் வகை தவறு ஒருமுறை ஏறிவிட்டால், பிறகு வருகிறவர்கள் அதை மேற்கோள் காட்டியே உண்மையாக்கிவிடுவார்கள்.

இந்தப் பத்தியை நிரப்பப் பெரியவர்கள் வேண்டும். இங்கேதான் குழுவை எப்படிப் பிரிப்பது என்ற கேள்வி வருகிறது. கணினி தெரிந்த இளையவர்கள் ஒரு அறையிலும், படத்தில் இருப்பவர்களை அடையாளம் தெரிந்த மூத்தவர்கள் எப்போதாவது அழைக்கப்படும் விருந்தினர்களாகவும் இருந்தால் வேலை நிற்கும். இளையவர் ஒருவர், மூத்தவர் ஒருவர் என்று இணையாக உட்காரவையுங்கள். ஸ்கேன் செய்த படத்தைப் பெரிய திரையில் காட்டி, பேச்சைத் தொலைபேசியில் பதிவு செய்துகொண்டே போங்கள். "இது யார்?" என்று கேட்டால் பெயர் மட்டும் வரும். "இந்த இடம் இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள், பெயரும் கதையும் சண்டையும் சேர்ந்து வரும். அந்தப் பதிவே புதிய சேகரிப்பு. அதற்கும் எண் போட்டுப் பட்டியலில் ஏற்றுங்கள்.

அனுமதி விஷயத்தில் பல குழுக்கள் அவசரப்படுகின்றன. டிஜிட்டலாக்குவது வேறு, எல்லோருக்கும் திறந்துவிடுவது வேறு. ஆஸ்திரேலியாவின் டெனன்ட் கிரீக் பகுதியில் வாழும் வாருமுங்கு என்ற பூர்வகுடி மக்களோடு சேர்ந்து உருவான முகுர்த்து என்ற இலவச மென்பொருள் இந்தச் சிந்தனையில் பிறந்ததுதான். எந்தப் படத்தை யார் பார்க்கலாம் என்பதை அந்தச் சமூகமே தன் வழக்கப்படி அதில் வகுத்துக்கொள்ளலாம். இறந்தவர்களின் படம், சடங்குகள், சிலர் மட்டும் அறிய வேண்டியவை என்று பல படிகள் அங்கே உண்டு. பூர்வகுடிகளின் தரவு பற்றி 2019இல் வந்த கேர் (CARE) கொள்கைகளும் இதையே பேசுகின்றன: தரவின் பயன் சமூகத்துக்குச் சேர வேண்டும், அதன் மீதான அதிகாரமும் சமூகத்திடம் இருக்க வேண்டும். உங்கள் குழுவுக்கு அந்த மென்பொருள் தேவைப்படாமல் போகலாம். ஆனால் "பொதுவில் போடலாம், குழுவுக்குள் மட்டும், குடும்பத்தைக் கேட்ட பிறகே" என்ற மூன்று நிலைகளாவது பட்டியலில் இருக்கட்டும். பதிப்புரிமை நாட்டுக்கு நாடு மாறும். படத்தை வைத்திருப்பவர் அதன் உரிமையாளராக இருக்க வேண்டிய அவசியமில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, மற்றதைச் சட்டம் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கேசட்டுகளை முதல் சுற்றில் எடுக்காதீர்கள், ஆனால் தள்ளிப்போட்டுக்கொண்டும் இருக்காதீர்கள். நாடா கெட்டுப்போவதற்கு முன்பே அதை ஓட்டுகிற இயந்திரமும் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் காணாமல் போய்விடுவார்கள் என்று 2019இலேயே யுனெஸ்கோ எச்சரிக்கை இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. அந்த நிலைமை மேலும் மோசமாகித்தான் இருக்கிறது. நல்ல நிலையில் உள்ள நாடாவைக் குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில், முடிந்தால் 96இல், வேவ் கோப்பாகப் பதியுங்கள். ஒரு மணி நேரம் 96இல் ஸ்டீரியோவாக இரண்டு ஜிபிக்குச் சற்று மேல் வரும். பூஞ்சை தெரிகிற நாடாவையும், ஓடும்போது கிறீச்சிட்டு ஒட்டுகிற நாடாவையும் உடனே நிறுத்தித் தனியே வைத்துவிடுங்கள். அவை நிபுணரிடம் போக வேண்டியவை. இணையத்தில் பார்த்துவிட்டு அடுப்பில் சூடாக்கிப் பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

நகல்களைப் பற்றி 3-2-1 என்ற விதி பரவலாகத் தெரிந்ததுதான்: மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில். இதில் இரண்டு விஷயம் விட்டுப்போகிறது. மேகச் சேமிப்பில் ஒத்திசைப்பது மட்டும் காப்பு நகல் ஆகிவிடாது. ஒருவர் கணினியில் ஒரு ஃபோல்டரை அழித்தால் எல்லா இடத்திலும் அழியும், குப்பைத் தொட்டியில் அது தங்கும் நாட்களும் கொஞ்சம்தான். இரண்டாவது, ஒரு நகலாவது எந்த வலையிலும் இணைக்கப்படாமல் அலமாரியில் இருக்க வேண்டும். 2023 அக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு உள்ளான பிரிட்டிஷ் நூலகத்தில் நூற்பட்டியலே மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. அத்தனை பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி.

நகல் இருக்கிறதா என்பதை விட, நகல் மாறாமல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதற்குச் சரிபார்ப்புத் தொகை. எஸ்ஹெச்ஏ-256 முறையில் ஒவ்வொரு கோப்புக்கும் 64 எழுத்துகள் கொண்ட ஒரு கைரேகை கிடைக்கும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் கைரேகை அடியோடு மாறிவிடும். இதைப் புரியவைக்க எளிய வழி: ஒரு டெக்ஸ்ட் கோப்பின் கைரேகையை எடுங்கள், அதில் ஒரு புள்ளியை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி எடுங்கள். கணிதம் தெரியாதவருக்கும் விளங்கிவிடும். கோப்புகளையும் அவற்றின் கைரேகைப் பட்டியலையும் ஒரே கட்டாகக் கட்டிவைக்க பேக்இட் என்ற அமைப்பு இருக்கிறது. 2018இல் ஆர்எஃப்சி 8493 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளியானது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதற்கு இலவசக் கருவிகள் தந்திருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறையாவது எல்லா நகலையும் சரிபார்க்க ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள். நவம்பர் மாத முதல் வியாழக்கிழமை உலக டிஜிட்டல் பாதுகாப்பு நாள். அதையே வைத்துக்கொண்டால் மறக்காது. அன்றைக்கு ஒரு நகல் தொலைந்துவிட்டதாகப் பாவித்து, மற்றொன்றிலிருந்து மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத நகலை நான் நகலாகவே கணக்கில் வைப்பதில்லை.

இதுவரை சொன்னவற்றில் வடிவங்கள், எண்ணிக்கைகள், சரிபார்ப்பு ஆகியவை உறுதியானவை. துறையில் பெரும்பாலும் கருத்து வேறுபாடு இல்லாதவை. இனிச் சொல்வது அப்படி இல்லை. ஒரு ஹார்ட் டிஸ்க் எத்தனை ஆண்டு தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது; நான்கைந்து ஆண்டில் மாற்றிவிடுவது நடைமுறை எச்சரிக்கை, அறிவியல் விதி இல்லை. மின்சாரம் தராமல் நெடுங்காலம் கிடக்கும் எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாமல் சில்லில் சேமிக்கும் வகை) தரவு கசிந்துவிடக்கூடும் என்பதால் அலமாரியில் வைக்கும் நகலுக்கு நான் ஹார்ட் டிஸ்க்கையே சொல்வேன். நூறு ஆண்டு, ஆயிரம் ஆண்டு என்று உறையில் அச்சிட்டு விற்கும் வட்டுகளின் கணக்கு, சூட்டிலும் ஈரத்திலும் வைத்து முடுக்கிய சோதனைகளிலிருந்து ஊகித்தது. அச்செழுத்தைப் படிக்கும் ஓசிஆர் நன்றாகவே வந்துவிட்டது. கையெழுத்தைப் படிப்பதும் பேச்சை எழுத்தாக்குவதும் வேகமாக முன்னேறுகின்றன, ஆனால் பெயர்களிலும் வட்டார வழக்கிலும் துணிச்சலாகத் தப்பு செய்கின்றன. தேடுவதற்கு வைத்துக்கொள்ளலாம், மனிதர் படித்துப் பார்க்காமல் மேற்கோள் காட்டக் கூடாது. செயற்கை நுண்ணறிவால் நிறமேற்றிய, முகம் தெளிவாக்கிய படங்களைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு: அவை அந்த முகங்கள் இல்லை. விழாவில் காட்டிக்கொள்ளுங்கள்; சேகரிப்பில் மூலத்தின் இடத்தில் வைத்துவிடாதீர்கள்.

பயிற்சி பெறாத கூட்டம் எவ்வளவு தூரம் போக முடியும் என்ற சந்தேகம் உங்கள் கேள்வியில் தொனிக்கிறது. 2022 பிப்ரவரி இறுதியில் உக்ரைன் போர் தொடங்கியபோது, அந்நாட்டு அருங்காட்சியகங்கள், நூலகங்களின் வலைத்தளங்களைக் காப்பாற்ற சூச்சோ என்ற தன்னார்வ முயற்சி உருவானது. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். வலைத்தளத்தைப் படியெடுக்கத் தெரிந்தவர்கள் அவர்களில் சிலர்தான். சிலர் முகவரிகளைத் திரட்டினார்கள், சிலர் மென்பொருளை ஓட்டினார்கள், சிலர் படியெடுத்தது சரியாகத் திறக்கிறதா என்று பார்த்தார்கள், சிலர் வழிகாட்டிக் குறிப்பு எழுதினார்கள். ஆயிரக்கணக்கான தளங்கள் படியெடுக்கப்பட்டன. நான் அதில் கவனித்தது குறிப்பு எழுதியவர்களைத்தான். வேலையைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டையும் புதிதாக வருகிறவர் படித்த உடனே செய்யும்படி எழுதிவைத்தால், ஆள் மாறினாலும் வேலை நிற்காது.

உங்கள் குழுவிலும் அதைச் செய்யலாம். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பேர், ஒருவரே எதையும் கையில் வைத்திருக்கக் கூடாது, கடவுச்சொல் உட்பட. கையேட்டைப் பயிற்றுநர் எழுதித் தர வேண்டாம். முதல் இருபது பொருட்களை முடித்தவர்கள் தங்கள் மொழியில், ஒரே பக்கத்தில் எழுதட்டும். அந்தப் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்தவர் அடுத்த இருபதைச் செய்யட்டும், எழுதியவர் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கட்டும். எங்கே தடுமாறுகிறாரோ அங்கே கையேட்டைத் திருத்துங்கள்.

எத்தனை நாள் என்று கேட்டீர்கள். அடுத்தடுத்து ஐந்து நாள் வைப்பதை விட, ஓர் அமர்வு முடிந்து இரண்டு வாரம் விட்டு அடுத்தது என்று நான்கைந்து அமர்வு வையுங்கள். இடையில் அவர்களே செய்து பார்த்து, மாட்டிக்கொண்டு, கேள்வியோடு வருவார்கள். வெளியிலிருந்து பயிற்றுநர் வந்தால் கடைசி அமர்வில் அவர் பார்வையாளராக மட்டும் இருக்கும்படி முன்பே பேசிவிடுங்கள். ஸ்கேனருக்கு, புகைப்படமும் கடிதமும்தான் பெரும்பகுதி என்றால் சாதாரணத் தட்டை ஸ்கேனர் போதும். நெகடிவ் இருந்தால் மேல்மூடியில் விளக்குள்ள வகை. கட்டியான பதிவேடுகளும் ஆல்பங்களும் அதிகம் என்றால் கேமராவும் அதைச் செங்குத்தாகப் பிடிக்கிற தாங்கியும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விளக்கும். தாளைத் தானாக இழுத்துக்கொள்ளும் ஸ்கேனரில் பழைய எதையும் போட வேண்டாம். மென்பொருளில் படங்களை அடுக்க ட்ரோப்பி, ஒலிக்கு ஆடாசிட்டி, இணையத்தில் காட்சிப்படுத்தும் நாள் வரும்போது ஒமேகா, மூன்றும் இலவசம். முதல் நூறு பொருட்கள் முடிகிற வரை இவற்றில் எதையும் நிறுவாமல், ஒழுங்கான ஃபோல்டரும் ஒரு பட்டியலும் வைத்து ஓட்டுங்கள். அதற்குள் உங்களுக்கு எது உண்மையில் தேவை என்று தெரிந்துவிடும்.